பல் சாட்சி

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். தெர்மாகோலில் செய்த அந்தப் பெரிய பல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது ஜூனிலா ஜூலையிலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது ஓர் ஆள் உயரம் என்று நான் சொல்வேன். என் மனைவி கெங்கம்மா இரண்டு ஆள் உயரம் என்பாள். நான் சாட்சியாக நியமிக்கப்பட்டவன். சாட்சிக்கு நினைவு பிசகக் கூடாது. ஆனால் அந்த ஓராண்டில் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து, நான் பார்த்ததை உண்மையில் நான்தான் பார்த்தேனா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு எதையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புகிறேன்.

டோல்கேட்டுக்குப் பின்னால், லாரிகள் திரும்ப முடியாத ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்தின் கோடியில் பள்ளி. ஒரு திங்கட்கிழமை அங்கே முத்துப்பல் அறக்கட்டளையின் பல் நலத் திட்டம் தொடங்கியது. அறக்கட்டளையின் இயக்குநர் அருள்நாதன் வெள்ளைச் சட்டையில் வந்து, தெர்மாகோல் பல்லுக்கு மாலை போட்டுவிட்டுப் பேசினார்.

“இந்தப் பகுதியில் கப்பல் இருக்கிறது. கரி இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. பல்தான் இல்லை. அதை நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம்” என்றார்.

கூட்டத்தில் எல்லோரும் நாக்கால் தங்கள் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

பிள்ளைகளை வரிசையாக மேடையேற்றி ஆளுக்கொரு பிரஷ் கொடுத்தார்கள். கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். இறங்கும்போது பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவற்றைத் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோவில் அடுக்கிப் பூட்டினார் இக்னேஷியஸ். அவர் விளையாட்டு ஆசிரியர். அன்று முதல் பல் ஒழுங்கு அலுவலர்.

“புள்ளைங்களுக்குத் தரலியா சார்?” என்று கேட்டான் ஷாகுல் ஹமீது.

“தந்தாச்சே. போட்டோ இருக்கே.”

“அதில்ல சார். வெளக்கறதுக்கு.”

“விளக்கினால் தேய்ந்துவிடும். பார்வையாளர்கள் வரும்போது எதைக் காட்டுவது?”

ஷாகுல் ஹமீது எதிர்வீட்டுக்காரன். அவனுக்குப் பதில் நியாயமாகப் பட்டது. மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. எதையும் திறக்காமல் பார்த்தே பழகியவன்.

பள்ளியில் தண்ணீர் லாரி வருவது நிச்சயமில்லை என்பதால், தினமும் காலை பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காற்றில் பல் விளக்கினார்கள். “மேலே! கீழே! உள்ளே! கொப்பளி!” என்று இக்னேஷியஸ் விசில் ஊதுவார். நானூறு பிள்ளைகள் ஒன்றுமில்லாததைக் கொப்பளித்துத் துப்புவார்கள். சத்தம் டோல்கேட் வரை கேட்கும். உண்மையாகவே துப்பிய இரண்டு பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

முதல் பெற்றோர் கூட்டத்தில் ஷாகுலின் மனைவி மரியம் எழுந்து கேட்டாள்.

“டாக்டர் எப்ப சார் வருவாரு?”

அருள்நாதன் அவளைப் பரிவோடு பார்த்தார். “அம்மா, மருத்துவர் வந்தால் குறைகளைப் பார்ப்பார். நாம் நிறைகளைப் பார்ப்பதற்காகக் கூடியிருக்கிறோம். மருத்துவரை அழைக்காமலே பல்லைக் காப்பாற்றுவதுதான் இந்தத் திட்டத்தின் தனிச்சிறப்பு.”

கை தட்டினார்கள். மரியம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தில் அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் இரண்டு விதிகளை அறிவித்தார்கள். முதலாவது, தற்சார்பு. பிள்ளைகள் தாங்களே பல் விளக்க வேண்டும். பெற்றோரின் கை பிரஷ்ஷில் படக் கூடாது. “தாயின் கை பட்ட பல், பிறர் உழைப்பில் வாழும் பல்” என்றார் அருள்நாதன். இரண்டாவது, சாட்சி. பெற்றோர் பொய் சொல்லக்கூடும் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அண்டை வீட்டார் ஒருவர் பல் சாட்சியாக இருந்து, தினமும் காலையில் நேரில் பார்க்க வேண்டும். சாட்சி பொய் சொன்னால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் ஒரு சாட்சி யோசனையில் இருப்பதாகச் சொன்னார்.

ஷாகுலின் மகள் நவ்ரீனுக்கு நான் சாட்சி. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மதிய ஷிப்டு பார்ப்பதால் காலையில் சும்மா இருப்பேன் என்று ஷாகுல் என் பெயரைக் கொடுத்திருந்தான்.

“பேஜாரா எடுத்துக்காத மாமு. அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போ” என்றான்.

முதல் நாள் போனபோது மரியம் குழாயடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நவ்ரீனின் தலை அவள் மடியில் மல்லாந்து கிடந்தது. இடது கை விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்து, பட்டாணி அளவு பற்பசை வைத்த பிரஷ்ஷால் கடைவாயில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஏழு வயது. வாயில் நுரையோடு ஏதோ கதை சொல்ல முயன்றுகொண்டிருந்தது.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

“இன்னாண்ணே?”

“கை படக் கூடாதுன்னு…”

“கை படாம எப்படிண்ணே? இதுக்கு ஷூ லேசே கட்டத் தெரியாது. கடைவாய் வரைக்கும் இதோட கை போகுமா? முன்னாடி நாலு பல்ல இழுத்துட்டு ஓடிப்போயிரும்.”

“எனக்குத் தெரியுதும்மா. ஆனா பாத்ததைத்தானே சொல்லணும்.”

மரியம் என்னைப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நவ்ரீன் முன்னாடி நாலு பல்லை இழுத்துவிட்டு ஓடிப்போனாள். கை படவில்லை என்று நான் பள்ளியில் சொன்னேன். அது உண்மை.

அப்படியே மாதங்கள் போயின. சந்தில் காலை நேரம் மாறிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் அடுத்தவர் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். பார்ப்பவர்களின் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்தார்கள். முன்பெல்லாம் தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்கித் தருகிறவர்கள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். இக்னேஷியஸ் மிதிவண்டியில் திடீர் சோதனைக்கு வருவார். ஷாகுல் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து மிஸ்வாக் குச்சியால் பல் தேய்த்தபடி வந்துகொண்டிருந்தபோது அவனைப் பிடித்து, மரக்கிளையுடன் நடமாடியதாக எழுதிக்கொண்டு போனார்.

நவ்ரீனின் மேல் முன்பல் ஆடியது. ஒரு மாலை முறுக்கு கடித்தபோது விழுந்தது. சந்தோஷத்தில் அவள் வீடு வீடாகப் போய்க் காட்டினாள். பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி, நல்ல பல்லாக முளைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதைக் கூரைமேல் எறிந்தாள்.

திங்கட்கிழமை பள்ளியில் பல் எண்ணும் நாள். போன வாரத்தைவிட நவ்ரீனுக்கு ஒன்று குறைந்தது.

புதன்கிழமை அருள்நாதனும் இக்னேஷியஸும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் இருவரும்தான் பல் இழப்பு விசாரணைக் குழு. சாட்சி என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள்.

“பல் எங்கே?” என்றார் அருள்நாதன்.

“கூரைமேல சார்” என்றான் ஷாகுல்.

“அங்கே எப்படிப் போயிற்று?”

“எறிஞ்சிட்டோம் சார். அப்படித்தான் செய்வாங்கோ.”

அருள்நாதன் இக்னேஷியஸைப் பார்த்தார். இக்னேஷியஸ் கூரையைப் பார்த்தார்.

“ஆதாரத்தை எறிந்திருக்கிறீர்கள்” என்றார் அருள்நாதன் மெதுவாக.

“பால் பல்லு சார். ஏழு வயசுல வுழும்ல? உங்களுக்கு வுழலியா?” என்றாள் மரியம்.

“என்னைப் பற்றிய விசாரணை இது இல்லை.”

இக்னேஷியஸ் ஏணி வைத்து ஏறினார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சந்தில் மற்ற எல்லா வீடுகளும் மாடி எழுப்பியவை. அவ்வளவு உயரத்துக்குப் பிள்ளைகளால் எறிய முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷாகுல் வீடு ஒன்றுக்குத்தான். எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல் விழுந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளையானாலும், இங்கே வந்துதான் எறியும்.

கீழே இறங்கிய இக்னேஷியஸின் கைக்குட்டையில் ஒரு பிடிப் பற்கள் இருந்தன.

அருள்நாதனுக்கு வியர்த்தது. “ஒரு குழந்தைக்கா இத்தனை?”

“எல்லா வூட்டுப் புள்ளைங்களும் எறியும் சார்” என்றான் ஷாகுல்.

“அப்படியென்றால் இது ஒரு வீட்டோடு முடிகிற விஷயமில்லை.”

கைக்குட்டையில் ஒரு பல் மட்டும் கட்டைவிரல் நீளம் இருந்தது. பக்ரீத் சமயத்தில் காக்கை தூக்கிப் போட்ட ஆட்டுப் பல் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். சாட்சி கருத்துச் சொல்லக் கூடாது என்றார் இக்னேஷியஸ். குழுவில் மருத்துவர் இல்லை; இருந்தால் பல்லின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று சேர்க்கவில்லை. அந்தப் பல்லை அளந்து பார்த்து, இந்தச் சந்தில் அளவு மீறி வளர்ந்த மாணவன் ஒருவன் இருக்கிறான், பள்ளிக்கு வராமல் மறைக்கப்படுகிறான் என்று குழு முடிவு செய்தது. அவனைத் தேடி ஒரு வாரம் சுற்றினார்கள். கோதண்டம் என்று ஒரு உயரமான கல்லூரி மாணவனை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். அவன் மறுத்ததால் சந்தேகம் உறுதியானது.

விசாரணை முடியும்வரை நவ்ரீனின் வாய் அப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மருத்துவரோ மற்றவரோ அதில் கை வைக்கக் கூடாது. மீறினால் அடுத்த வகுப்பில் இடமில்லை. அந்தப் பள்ளியில் ஓர் இடத்துக்கு மரியம் அதிகாலையிலேயே போய் வாசலில் நின்ற கதை சந்துக்கே தெரியும்.

மரியம் கத்தினாள். ஷாகுல் கத்தவில்லை. அவனுக்கு அது புரிந்த பாஷை.

“யார்டுல இதுக்கு ஹோல்டுன்னு பேரு மாமு” என்று எனக்கு விளக்கினான். “கஸ்டம்ஸ் ஹோல்டு போட்டா யாரும் தொடக் கூடாது. உள்ள எறா மீனு அழுகிகினு கீதுன்னு நாத்தம் வரும். மூக்கப் பொத்திகினு சுத்தி நடப்போம், ஆனா சீலைத் தொட மாட்டோம். தொட்டவன் வேலை காலி. ரிலீஸ் வரும், கண்டிப்பா வரும். பொறுமைதான் வேணும்.”

தை பிறப்பதற்கு முன்பே நவ்ரீன் இடது பக்கமாக மெல்லத் தொடங்கியிருந்தாள். ஐஸ் வேண்டாம் என்றாள். ஏழு வயதுப் பிள்ளை ஐஸ் வேண்டாம் என்றது எனக்கு உறுத்தியது. ஒருநாள் குழாயடியில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வலது கீழ்வரிசையின் கடைசியில் ஒரு பல்லின் நடுவே கறுப்பாகக் குழி இருந்தது.

“எப்படியும் வுழப்போற பல்லுதானே மாமு” என்றான் ஷாகுல். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மரியம் கிராம்புத் தைலம் வைத்தாள். இரண்டு நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

“டாக்டர்ட்ட போலாங்க” என்றாள்.

“ரிலீஸ் வரட்டும்.”

“அது வலியில துடிக்குது.”

“நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

என்னையும் அழைத்துக்கொண்டு போனான். ராயபுரத்தில் ஒரு மாடியில் அறக்கட்டளை அலுவலகம். சுவர் முழுக்கப் பிள்ளைகள் பிரஷ் வாங்கும் படங்கள். அருள்நாதன் எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

“பாப்பாவுக்கு வலிக்குது சார்” என்றான் ஷாகுல்.

“எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் வலி எங்கள் திட்டத்தில் இல்லை. பல்லின் எண்ணிக்கை இருக்கிறது, வெண்மை இருக்கிறது, புன்னகை இருக்கிறது. வலி என்று ஒன்றைச் சேர்த்தால், மற்ற பிள்ளைகளுக்கும் வலிக்க ஆரம்பித்துவிடும்.”

“டாக்டர்ட்ட மட்டும் காட்டிக்கிறோம் சார். புடுங்க மாட்டோம்.”

“காட்டினால் அவர் ஏதாவது கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் நான் எழுத வேண்டும். எழுதினால், ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை என்று எங்களுக்குப் பணம் தருகிறவர்கள் கேட்பார்கள். உங்கள் மகளின் ஒரு பல்லுக்காக நானூறு பிள்ளைகளின் பல் நலத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள்.”

ஷாகுல் யோசித்துப் பார்த்தான். திரும்பி வரும்போது மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டினோம். பிறகு, “ஆண்டு விழா முடிஞ்சதும் பார்க்கிறேன்னாருல்ல?” என்றான். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் என் நினைவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாசி மாதத்தில் ஆண்டு விழா நடந்தது. அதற்குள் இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றோ இரண்டோ பல் விழுந்து, எல்லோரும் விசாரணையில் இருந்தார்கள். விசாரணையில் உள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார வேண்டும். பல் விழத் தாமதமான சுஃபியான் என்ற ஒரே பையன் மட்டும் மேடையில் தனியாக நின்றான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றும் அவனுக்கே.

பின்வரிசையில் நவ்ரீனின் வலது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது. முந்தின இரவு அவள் தூங்கவில்லை. வராவிட்டால் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஆகிவிடும் என்பதால் கூட்டி வந்திருந்தார்கள்.

அருள்நாதன் மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஆண்டு இந்தப் பள்ளியில் பல் இழப்பு பூஜ்யம் என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். இழந்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள்மீது விசாரணை நடக்கிறது. எஞ்சியவர்களைப் பாருங்கள்.” சுஃபியானைக் காட்டினார். “நூற்றுக்கு நூறு! சில பெற்றோர் மருத்துவர் எங்கே என்று கேட்டார்கள். இதோ, மருத்துவர் இல்லாமலே எந்தக் குழந்தையின் வாயிலும் எந்த நோயும் கண்டுபிடிக்கப்படவில்லை!”

கைதட்டல் அடங்குவதற்குள் மரியம் எழுந்தாள். பின்வரிசைக்குப் போய் நவ்ரீனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“மரியம்!” ஷாகுல் ஓடிப்போய் வழியை மறித்தான். “கொஞ்சம் பொறு. விழா முடியட்டும். ஹோல்டு இன்னும்…”

“என் புள்ள இன்னா கன்டெய்னரா?”

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

“உள்ள அழுகிகினு கீது, நீ வெளிய நின்னு சீலு பாத்துகினு கீறியா? தள்ளு.”

ஷாகுல் மகளின் முகத்தைப் பார்த்தான். அவள் தாயின் தோளில் எச்சில் வழியக் கிடந்தாள். அவன் தள்ளி நிற்கவில்லை, அவனே முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினான். வாசலில் இக்னேஷியஸ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை. சாட்சி என்ற முறையில் நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் செங்கொடி என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். விளக்கைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பிறகு எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார்.

“எப்ப இருந்து வலி?”

“பொங்கலுக்கு முந்தி இருந்து” என்றாள் மரியம். “பால் பல்லு வுழுந்துடும்னு…”

“இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல முளைக்கிற பெரிய கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாம பின்னாடி புதுசா வரும், அதனால நிறையப் பேர் பால் பல்லுனே நினைச்சுக்குவாங்க. பொங்கலுக்கு முந்தியே வந்திருந்தா அடைச்சிருக்கலாம். இப்ப உடைஞ்சு வேர் வரைக்கும் சீழ் பிடிச்சிருக்கு. எடுத்துத்தான் ஆகணும். இந்த இடத்துல வேற பல் முளைக்காது.”

ஷாகுல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏழு, எட்டு வயசு வரைக்கும் பின்னாடிப் பல்லைப் பெரியவங்கதான் தேய்ச்சு விடணும். வீட்ல யாரும் தேய்ச்சு விடலியா?”

“நான்தான் டாக்டர் தேய்ச்சு விட்டுகினு இருந்தேன். அப்புறம் தேய்க்கக் கூடாதுன்னுட்டாங்கோ.”

“யாரு?”

“பல்லுத் திட்டக்காரங்க.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நான்தான் அந்தத் திட்டக்காரன் என்று நினைத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. மருந்து கொடுத்து வீக்கம் குறைந்தபிறகு, நான்காம் நாள் பல்லை எடுத்தார்கள். நவ்ரீன் அழவில்லை என்று ஷாகுல் சொன்னான். அழுதாள் என்று மரியம் சொன்னாள். நான் அறைக்கு வெளியே நின்றிருந்தேன்.

முத்துப்பல் அறக்கட்டளைக்கு அந்த ஆண்டின் பணிக்காக ஒரு கேடயம் கிடைத்தது. அருள்நாதன் இப்போது வேறு மாவட்டத்தில் பிள்ளைகளின் கண் பார்வைக்கான திட்டத்தை நடத்துகிறார். இக்னேஷியஸ் மறுபடியும் விளையாட்டு ஆசிரியராகிவிட்டார். அவரைப் பார்த்தால் பிள்ளைகள் இன்னும் வாயை மூடிக்கொள்கிறார்கள். சுஃபியானுக்கு ஆண்டு விழாவுக்கு மறுவாரமே முன்பல் விழுந்தது. அவன் அப்பா பயந்துபோய் அவனை எம்.கே.பி. நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். கோதண்டம் படிப்பை முடித்துத் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறான். பற்கள்மீதான விசாரணை முடிந்ததாக யாரும் தெரிவிக்கவில்லை. ஷாகுல் அதே யார்டில்தான் இருக்கிறான்; மகளின் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நவ்ரீனுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மரியம் அவளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தாள், ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். மரியம் என்னோடு பேசுவதில்லை. எடுத்த பல்லுக்குப் பின்னால் வளர வேண்டிய பல் முன்பக்கமாகச் சாய்ந்து வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நவ்ரீன் இடது பக்கமாக மென்று சாப்பிடுகிறாள்.